கட்டி விழுந்த வயிறு: மலேரியாவும் மண்ணீரலும் எமது வரலாறும்

இலங்கையின் மலேரியா வரலாற்றைப் பற்றி எழுதியவர்கள் நுளம்பை எழுதியிருக்கிறார்கள், கொயினாவை எழுதியிருக்கிறார்கள், டீ.டீ.ரீ. விசிறியதை எழுதியிருக்கிறார்கள். மண்ணீரலை எழுதியவர்கள் மிகக் குறைவு. மண்ணீரலை விட்டுவிட்டு அந்த வரலாற்றின் மிகப் பெரிய கேள்விக்கு விடை காண முடியாது என்பது எனது கருத்து.

அந்தக் கேள்வி இதுதான். 1934இன் இறுதியில் தொடங்கி 1935இன் நடுப்பகுதி வரை நீடித்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அன்று நாட்டின் சனத்தொகை 55 இலட்சம் அளவில்தான் இருந்தது. அந்தச் சாவு அதிகமாக விழுந்தது கேகாலை, குருநாகல் மாவட்டங்களில். அனுராதபுரமும் வன்னியும் காய்ச்சலுக்குப் பேர்போன இடங்கள். உத்தியோகத்தர்கள் இடமாற்றம் கிடைத்தால் அழுதுகொண்டு போன இடங்கள். ஆனால் அங்கே அந்த வேகத்தில் மரணம் நிகழவில்லை. காய்ச்சல் குடியிருந்த ஊர் தப்பியது. காய்ச்சலை அவ்வளவாக அறியாத ஊர் மடிந்தது. ஏன்?

விடை இடது விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கிறது.

இரத்தம் என்று சொல்லப்பட்ட உறுப்பு

எமது வாசகர்களுக்கு மண்ணீரல் புதிய பொருள் அல்ல. இரத்தம் ஹராம்; ஆனால் ஈரல், மண்ணீரல் ஆகிய இரண்டு இரத்தங்கள் ஆகுமாக்கப்பட்டவை என்ற கருத்தில் அமைந்த நபிமொழி இப்னு மாஜாவில் இப்னு உமர் (ரழி) அவர்களின் அறிவிப்பாக வருகிறது. குர்பான் இறைச்சி பங்கிடும்போது இதை எடுத்துச் சொல்லாத ஊர் இல்லை. 'இரத்தம் குறைஞ்ச ஆளுக்கு இதக் குடுங்க' எண்டு மூத்தவங்க எடுத்து வைப்பதும் வழக்கம். உடற்கூற்றியல் படித்தவர்களுக்கு இரண்டுமே ஆச்சரியமாக இராது. மண்ணீரல் உண்மையில் குருதி நிரம்பிய ஒரு கடற்பஞ்சு. இரும்புச் சத்தும் அதில் அதிகம்.

அறபு மருத்துவம் அதை 'திஹால்' என்றது. கிரேக்க வழியில் வந்த நான்கு திரவக் கோட்பாட்டின்படி, கறுப்புப் பித்தமாகிய 'சவ்தா' தங்கும் இடம் மண்ணீரல். மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்பிவரும் குளிர்காய்ச்சலுக்கு அந்தச் சவ்தா கெட்டுப்போவதே காரணம் என்று இப்னு சீனாவின் 'அல்கானூன்' மரபு விளக்கியது. இன்று அந்தக் கோட்பாட்டை எவரும் ஏற்பதில்லை. ஆனால் அதற்குள் ஓர் அவதானம் இருந்தது: காய்ச்சல் முறை வைத்து வரும் ஆளுக்கு மண்ணீரல் வீங்குகிறது, அதில் ஏதோ கறுப்பு இருக்கிறது.

அந்தக் கறுப்பைப் பின்னர் கண்ணால் கண்டார்கள். 1717இல் இத்தாலிய வைத்தியர் லான்சிசி, சதுப்பு நிலக் காய்ச்சலில் இறந்தவர்களின் மண்ணீரலும் மூளையும் கறுத்திருப்பதை எழுதினார். 1847இல் ஜெர்மனியின் மெக்கெல் அந்தக் கறுப்புத் துணிக்கைகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். 1880 நவம்பர் 6ஆம் திகதி, அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன் நகரில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ வைத்தியர் லவெரான், ஒரு படைவீரரின் இரத்தத்தில் அந்தக் கறுப்புத் துணிக்கைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது அவற்றைச் சுமந்து அசையும் உயிரைக் கண்டார். அதுவே மலேரியா ஒட்டுண்ணி. நூற்றாண்டுகளாக மண்ணீரலைக் கறுக்கவைத்த பொருளைத் தொடர்ந்து போனவருக்கே நோயின் காரணம் அகப்பட்டது.

17 ஆண்டுகள் கழித்து, 1897 ஓகஸ்ட் 20இல், செக்கந்தராபாத்தில் ரொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றில் அதே ஒட்டுண்ணியைக் கண்டபோது, அந்த நுளம்புகளுக்கு இரத்தம் கொடுத்தவர் ஹுசைன் கான் என்ற நோயாளி. ஒரு நுளம்பு கடிப்பதற்கு ஓர் அணா கூலி. றொஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹுசைன் கானின் பெயராவது பதிவில் தங்கியது. அதற்கும் நாம் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டியதுதான்.

மண்ணீரலுக்குள் நடப்பது

ஒரு செங்குழியத்தின் ஆயுள் 120 நாள் அளவு. கிழண்டிப்போன செங்குழியங்களைப் பிடித்து அழிப்பது மண்ணீரலின் அன்றாட வேலை. அங்கே குருதி ஒழுங்கான குழாய்களில் ஓடுவதில்லை; ஒரு பகுதி இழையங்களுக்கிடையே கசிந்து, பிறகு மிக ஒடுங்கிய பிளவுகளூடாக மீண்டும் நாளத்துக்குள் நுழைகிறது. செங்குழியத்தின் அகலத்தில் அந்தப் பிளவு சிறு பங்குதான். நெகிழ்வான குழியம் உடலை வளைத்து நுழைந்துவிடும். விறைத்த குழியம் நின்றுவிடும். காத்திருக்கும் தின்குழியங்கள் அதை விழுங்கிவிடும். நெல்லை அரிதட்டில் போட்டு அரிப்பதைப் போன்ற வேலை இது.

மலேரியா ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் புகுந்து ஈமோகுளோபினைத் தின்கிறது. ஈமோகுளோபினின் புரதப் பகுதி அதற்கு உணவு. மிஞ்சும் 'ஈம்' என்ற இரும்புச் சேர்வை அதற்கே நஞ்சு. எனவே அந்த ஈமைப் பளிங்காக்கி ஒதுக்கி வைக்கிறது. மெக்கெலும் லவெரானும் கண்ட கறுப்பு அந்தப் பளிங்குதான். குளோரோகுயின் மருந்து இந்தப் பளிங்காக்கலைத் தடுத்து, ஒட்டுண்ணியை அதன் சொந்த எச்சிலிலேயே சாகடிக்கிறது.

ஒட்டுண்ணி புகுந்த குழியம் விறைத்துப்போகிறது. மண்ணீரலின் அரிப்பில் அது சிக்குகிறது. சில வேளைகளில் குழியத்தை விட்டுவிட்டு உள்ளேயிருக்கும் ஒட்டுண்ணியை மட்டும் நெம்பி எடுத்துவிடுவதும் உண்டு. இவ்வளவும் நன்மை. ஆனால் காய்ச்சல் நேரத்தில் மண்ணீரல் கண்டிப்பு மிகுந்த காவற்காரனாகி, நோய் தொடாத நல்ல குழியங்களையும் பிடிக்கத் தொடங்குகிறது. பல்சிபாரம் வகை மலேரியாவில் நோயுற்ற ஒரு குழியத்துக்கு எட்டு அளவிலும், வைவாக்ஸ் வகையில் முப்பதுக்கு மேலும் நல்ல குழியங்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அழிக்க வேண்டிய சுமை கூடக் கூட மண்ணீரலும் வளர்கிறது. சாதாரணமாக 150 முதல் 200 கிராம் வரை இருக்கும் உறுப்பு ஒரு கிலோவையும் தாண்டும். விலாவுக்குள் மறைந்திருந்தது வயிற்றில் கையால் தட்டுப்படும். 'கட்டி விழுந்திருக்கு' என்று எமது கிராமங்களில் சொன்னது இதைத்தான்.

மச்சை ஏன் ஈடுகட்டவில்லை?

இரத்தம் அழிந்தால் புதிய இரத்தம் ஊற வேண்டும்தானே? ஆரோக்கியமான ஒருவரின் என்பு மச்சை ஒரு செக்கனுக்கு இருபது இலட்சம் அளவில் செங்குழியங்களை ஆக்குகிறது. தேவை வந்தால் இதைப் பல மடங்கு கூட்டவும் அதனால் முடியும். மலேரியாவில் அது நடப்பதில்லை. காய்ச்சல் தணிந்த பிறகும் பிள்ளையின் முகம் வாரக்கணக்கில் வெளிறியே கிடப்பதை உம்மாமார் கண்டிருக்கிறார்கள். இதன் காரணம் நீண்ட காலம் தெளிவாகவில்லை.

இதைத் துலக்கிய ஆய்வுகளில் ஒன்று 1980இல் வெளியானது. காம்பியா என்ற முஸ்லிம் பெரும்பான்மை நாட்டின் சிறுவர்களின் என்பு மச்சையை ஆராய்ந்த அந்த ஆய்வில் சாத் அப்தல்லா, டேவிட் வெதரால் ஆகியோருடன் எமது நாட்டில் பிறந்த குருதியியல் அறிஞர் சுனித்த விக்கிரமசிங்கவும் பங்காளி. அவர்கள் கண்டது: மச்சையில் செங்குழியத்தின் தாய்க்குழியங்கள் இருக்கின்றன, ஆனால் அவை கோணலாக வளர்கின்றன. கரு ஒழுங்காகப் பிரிவதில்லை. முதிரும் முன்பே பல அழிகின்றன. பட்டறை மூடவில்லை, வேலை கெட்டுப்போயிருக்கிறது.

பிறகு வந்த ஆய்வுகள் இதற்குப் பல காரணங்களைச் சேர்த்தன. மேலே சொன்ன கறுப்புப் பளிங்கு மச்சையிலும் சேர்கிறது. அதைத் தின்ற குழியங்கள் வெளியிடும் பொருட்கள் புதிய குழியங்களின் வளர்ச்சியைக் குலைக்கின்றன. இரும்பின் கதை அடுத்தது. மச்சைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. சாப்பாட்டிலிருந்து உடல் ஏற்பது 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. மீதி அனைத்தும் மண்ணீரலும் ஈரலும் பழைய குழியங்களை உடைத்துத் திருப்பிக் கொடுக்கும் இரும்பு. அங்கே உள்ள ஒரு நொதியம் ஈமை உடைத்து இரும்பை வேறாக்குகிறது. மிஞ்சுவது மஞ்சட் பொருளாகிறது. காய்ச்சல்காரரின் கண் மஞ்சளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒட்டுண்ணி பளிங்காக்கிய ஈமையோ அந்த நொதியத்தால் இலகுவில் உடைக்க முடிவதில்லை. அந்த இரும்பு பூட்டிய பெட்டிக்குள் போன காசு மாதிரி.

அத்துடன், காய்ச்சலின்போது ஈரல் 'ஹெப்சிடின்' என்ற ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டித்தான் அறிவியல் இதை இனங்கண்டது. தின்குழியங்களிலிருந்து இரும்பு வெளியேறும் வாயிலை அது அடைக்கிறது. கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்ற உடலின் தற்காப்பு இது. விளைவு, மண்ணீரலில் இரும்பு குவிந்து கிடக்க, மச்சை இரும்பில்லாமல் வாடுகிறது. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் சாவி இல்லாத வீடு போல.

மண்ணீரலின் பழைய தொழில் ஒன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். கருவில் இருக்கும்போது இரத்தம் ஆக்குவதில் ஈரலுக்கு அது துணை நிற்கிறது. பிறந்த பின் அந்த வேலை மச்சைக்கு மாறிவிடும். எலிகளில் அப்படி முற்றாக மாறுவதில்லை. மலேரியா கண்ட எலியின் மண்ணீரல் மீண்டும் இரத்தம் ஆக்கி உயிரைக் காக்க முனைகிறது. ஆய்வுகூட எலிக்கு இருக்கும் அந்த வசதி மனிதனுக்கு மிகச் சிறிய அளவிலேயே உண்டு.

எண்ணப்பட்ட வயிறுகள்

ஆட்சியாளர்கள் இந்த உறுப்பை இரண்டு விதமாகப் பயன்படுத்தினார்கள்.

முதலாவது, கணக்கு. 1847ஆம் ஆண்டளவில் வட இந்தியாவில் யமுனைக் கால்வாய் நீர்ப்பாசனத்தால் காய்ச்சல் பரவுகிறதா என்று ஆராய ஒரு குழு அமைந்தது. அதிலிருந்த டெம்ஸ்டர் என்ற வைத்தியர், ஊர் ஊராகப் போய் மக்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் பருத்திருக்கிறது என்று எண்ணினார். நீர் வடியாமல் தேங்கும் ஊர்களில் எண்ணிக்கை ஏறியது. ஒட்டுண்ணியைக் கண்டுபிடிக்க 33 ஆண்டுகள் இருக்கும்போதே மலேரியாவை அளக்க ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. 'மண்ணீரல் வீதம்' என்ற அந்த அளவு ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் பயன்பட்டது. 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் குறைவாகப் பருத்திருந்தால் மலேரியா குறைந்த இடம். ஐம்பதுக்கு மேற்பட்டால் மிகக் கடுமையான இடம் என்று 1950இல் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு வகுத்தது. இலங்கையிலும் பாடசாலைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பவர்களில் சிலருக்கு அந்தக் குளிர்ந்த கை இன்னும் நினைவிருக்கலாம்.

இரண்டாவது, சாக்கு. பருத்த மண்ணீரல் சிறு அடியிலும் வெடிக்கும். உள்ளே இரத்தம் கொட்டி ஆள் முடிந்துவிடும். பிரித்தானிய இந்தியாவில் வேலைக்காரரை உதைத்துக் கொன்ற வெள்ளையர் பலருக்கு இதுவே நீதிமன்றத்தில் கைகொடுத்தது. ஆக்ராவில் புல்லர் என்ற சட்டத்தரணி, கட்வாரு என்ற தன் குதிரைக்காரரை அடித்தார், அவர் இறந்தார். மண்ணீரல் ஏற்கெனவே நோயுற்றிருந்தது என்று வைத்திய சாட்சியம் வந்தது. தண்டனை 30 ரூபா அபராதம். தேசாதிபதி லிட்டனே 1876இல் இதைக் கண்டிக்க நேர்ந்தது. அடித்தவன் குற்றவாளி இல்லை, அடிபட்டவனின் வயிறு குற்றவாளி. ஒரு நோயை வரலாறாக எழுதும்போது இந்த நியாயத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1934இன் விடை

இப்போது முதற் கேள்விக்கு வருகிறேன்.

வரண்ட வலயத்துக் குளக்கிராமங்களில், ஹொரவப்பொத்தானை, கெக்கிராவைப் பக்கத்து முஸ்லிம் கிராமங்கள் உட்பட, ஒரு பிள்ளை நடக்கப் பழகும் முன்பே காய்ச்சலைக் காணும். திரும்பத் திரும்பக் காணும். ஒவ்வொரு முறையும் மண்ணீரல் ஒட்டுண்ணியைப் பிடிக்கிறது; பிடித்ததை எமது நோயெதிர்ப்புக் குழியங்களுக்குக் காட்டுகிறது; அவை அதற்கெதிரான பிறபொருளெதிரிகளை ஆக்கப் பழகுகின்றன. ஆக மண்ணீரல் அரிதட்டு மட்டுமல்ல, பள்ளிக்கூடமும்தான். பல ஆண்டு படித்த உடலுக்குக் காய்ச்சல் வரும். ஆனால் சாவு இலகுவில் வராது.

அந்தப் படிப்புக்குக் கட்டணம் உண்டு. அதைக் கட்டத் தவறிய பிள்ளைகள் ஐந்து வயதுக்கு முன் போய்விட்டார்கள். கர்ப்பிணிகள் சோகை பிடித்து மகப்பேற்றில் போனார்கள். மிஞ்சியவர்கள் வெளிறிய முகமும் பருத்த வயிறுமாய் வாழ்ந்தார்கள். வெளியூர் உத்தியோகத்தர்கள் அவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதிவைத்தார்கள். பாதி இரத்தத்தோடு வயலில் நின்றவனைச் சோம்பேறி என்றார்கள்.

கேகாலைப் பக்கம் அப்படியல்ல. மழை குறையாத நாடு. ஆறுகள் ஓடிக்கொண்டே இருந்தன. இலங்கையில் மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு ஓடும் ஆற்றில் பெருகாது. வெயில் படும் தெளிந்த குட்டைகளிலேயே பெருகும். 1934இல் மழை பொய்த்தது. மா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றி, மணலுக்கும் பாறைக்கும் இடையே ஆயிரமாயிரம் குட்டைகளாகின. மா ஓயாக் கரையில் மாவனல்லை முதலான எமது பழைய ஊர்களும் உள்ளன என்பதை வாசகர் அறிவர். மழையைக் காணாத விவசாயியின் வீட்டில் பசி, ஆற்றில் நுளம்பு, மக்களின் உடலிலோ முன் படிப்பு இல்லை. அங்கே பிள்ளைகளின் மண்ணீரல் வீதம் தாழ்வாக இருந்தது. சாதாரண காலத்தில் அது ஆரோக்கியத்தின் அடையாளம். அந்த ஆண்டில் அதுவே ஆபத்தின் அடையாளமாயிற்று.

நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இதன் மறுபாதியை நேரில் கண்டார்கள். கொயினா மட்டும் போதவில்லை. உணவில்லாத உடலில் இரத்தம் மீண்டும் ஊறவில்லை. அவர்களில் சிலர் பிற்பாடு நாட்டின் இடதுசாரி அரசியலை நடத்தினார்கள். அந்த அரசியலுக்கு வெளிறிய பிள்ளைகளின் முகங்களும் ஒரு காரணம்.

பள்ளிக்கூடம் மூடிய பிறகு

1946இல் நாடு முழுதும் டீ.டீ.ரீ. விசிறல் நடந்தது. 1963இல் நோயாளர் தொகை 17ஆகக் குறைந்தது. வெற்றி என்று கை ஓய்ந்தது. 1968, 69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மீண்டும் வந்தது. பிறகு போர்க் காலத்திலும் விடாமல் நடந்த வேலையின் பயனாக, உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. ஒரு தலைமுறையின் மண்ணீரல்கள் விலாவுக்குள் ஒதுங்கிவிட்டன. அல்லாஹ்வின் பேரருள் இது.

ஆனால் மேலே சொன்னதை வைத்து யோசித்தால் ஒன்று புரியும். இன்று இலங்கை முழுவதும் 1934இன் கேகாலைதான். அனுராதபுரத்துப் பிள்ளைக்கும் அக்கரைப்பற்றுப் பிள்ளைக்கும் மலேரியாவைப் பற்றி உடலில் எந்தப் படிப்பும் இல்லை. இருக்கவும் வேண்டாம்; அந்தக் கட்டணத்தை எந்த உம்மாவும் மீண்டும் கட்டக் கூடாது. ஆனால் நுளம்பு போகவில்லை. 2016 டிசம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பைக் கண்டார்கள். இது ஆற்றுக் குட்டையைத் தேடாது. கிணற்றிலும் நீர்த் தொட்டியிலும் பெருகும், பட்டணத்து நுளம்பு.

ஒட்டுண்ணி ஒளிந்திருப்பதும் எமக்கு இப்போது தெரியும். இந்தோனேசியாவின் பப்புவாவில், விபத்து முதலிய காரணங்களால் அகற்றப்பட்ட மண்ணீரல்களைச் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, காய்ச்சல் இல்லாமல் நடமாடியவர்களின் உடலில் இருந்த வைவாக்ஸ் ஒட்டுண்ணிகளில் மிகப் பெரும் பகுதி மண்ணீரலில் உயிரோடு தங்கியிருந்ததைக் காட்டியது. ஓடும் இரத்தத்தில் இருந்தது சொற்பம். காவற்காரனின் வீட்டிலேயே கள்ளன் குடியிருக்கிறான். ஆகவே, நாட்டுக்குள் வரும் ஒருவர் சுகமாக இருக்கிறார் என்பதை வைத்து அவரிடம் ஒட்டுண்ணி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எமது சமூகத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. மாணிக்க வியாபாரத்துக்கு மடகஸ்காருக்கும் மொசாம்பிக்குக்கும் போகிறவர்கள் எம்மிடையே உண்டு. ஜமாஅத்தில் ஆபிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் உண்டு. அப்படிப் போகிறவர்களுக்கு மலேரியா ஒழிப்பு இயக்கம் தடுப்பு மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறது. போகும் முன் அதை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின், மாதங்கள் கழித்தானாலும், காய்ச்சல் வந்தால் போன நாட்டின் பெயரை வைத்தியரிடம் தாமாகவே சொல்லுங்கள். டெங்கு என்று நினைத்து இரண்டு நாள் தாமதித்தாலே உயிர் போகும் வகையும் மலேரியாவில் உண்டு. மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், குறிப்பாகத் தலசீமியா காரணமாக அகற்றப்பட்டவர்கள், இந்தப் பயணங்களுக்கு முன் கட்டாயம் வைத்திய ஆலோசனை பெற வேண்டும்.

எமது மூத்தவர்களின் உடல் காய்ச்சலை நினைவில் வைத்திருந்தது. அதற்கு அவர்கள் இரத்தத்தால் விலை கொடுத்தார்கள். எமது உடலில் அந்த நினைவு இல்லை. அதை வைத்திருக்க எமக்கு வேறு இரண்டு இடங்கள்தான் உண்டு: ஒன்று சுகாதாரத் திணைக்களத்தின் பதிவேடு, மற்றது எமது வரலாறு.